இரண்டாவது பெட்டி

வீட்டில் அவனுக்கு ஒயர் என்று பெயர் விழுந்து வெகுகாலம் ஆகிறது. சின்ன வயதில் கையில் கிடைத்த ரேடியோவையெல்லாம் பிரித்து மேய்ந்தவன், வளர்ந்த பிறகு ஒரு பெரிய அலுவலகத்தின் கம்ப்யூட்டர் இணைப்புகளைக் கட்டி மேய்க்கும் வேலைக்கே போய்ச் சேர்ந்தான். சொந்தபந்தத்தில் யார் வீட்டு இன்டர்நெட் மக்கர் பண்ணினாலும் முதல் போன் அவனுக்குத்தான் வரும்.

தங்கையின் கணவர் மட்டும் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார்.

"மச்சான், நெட் விட்டு விட்டு வருது. ஆபீஸ் மீட்டிங்ல பேசிட்டே இருக்கும்போது உறைஞ்சு போயிடறேன். நாளைக்கு முக்கியமான மீட்டிங் இருக்கு. வெளியாளுங்கள வீட்டுக்குள்ள விட எனக்குப் பிடிக்காது. நீங்க ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

ஒயருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். தங்கையைப் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. வாய் ஓயாமல் பேசுகிற பெண், கல்யாணத்துக்குப் பிறகு 'சரி', 'நல்லா இருக்கேன்' என்று ஒற்றை வரியில் செய்தி அனுப்புகிறவளாகிவிட்டாள். அதுவும் மாலைக்கு மேல்தான் வரும். போன் போட்டால் போகவே போகாது. வசதியான இடத்துக்குப் போனதும் நம்மை மறந்துவிட்டாள் என்று அம்மா மூக்கைச் சிந்துவாள்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது மாப்பிள்ளை. தங்கை சமையலறை வாசலில் நின்று, "வாண்ணா" என்றாள். அவ்வளவுதான். இளைத்துப் போயிருந்தாள்.

"நீ போய் டீ போடு. மச்சான் வேலைய ஆரம்பிக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை. குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் ஒயர் உட்கார, மாப்பிள்ளை இன்னொரு நாற்காலியை முழங்கால் இடிக்கும் அளவுக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டார். ரவுட்டரின் கடவுச்சொல்லை ஒரு கையால் மறைத்துக்கொண்டு அவரே தட்டினார்.

கோளாறு சீக்கிரமே பிடிபட்டது. வீட்டிலிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு முகவரி கொடுக்கும். இங்கே இன்னொரு பெட்டியும் தன் பங்குக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரே கதவெண்ணை இரண்டு வீட்டுக்கு எழுதிவைத்தால் தபால்காரர் என்ன செய்வார்? அந்தக் குழப்பம்தான்.

"இன்னொரு பெட்டி எங்கயோ இருக்கு மாப்பிள்ளை."

"அது பழசு. அத விட்டுடுங்க."

"விட்டா நாளைக்கும் உறைஞ்சுதான் போவீங்க."

மாப்பிள்ளை நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு எழுந்து படுக்கையறைப் பரணைக் காட்டினார்.

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தான் ஒயர். பெட்டிகளுக்குப் பின்னால் கறுப்பாகச் சின்னதாக ஒன்று பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய வயர்கள் கூரைக்குள் புகுந்து ஒவ்வொரு அறைக்கும் ஓடின. கூடத்தின் மேல்மூலையில் வட்டமாக இருந்ததைப் புகை வந்தால் கத்துகிற கருவி என்று நினைத்திருந்தான். படுக்கையறையிலும் ஒன்று இருந்தது. சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே ஒன்று. எல்லாமே கேமராக்கள்.

இறங்கி வந்து ஃபயர்வால் பக்கத்தைத் திறந்தான். என்ன உள்ளே வரலாம், என்ன வெளியே போகலாம் என்று சொல்லும் இடம் அது. விதிகள் எல்லாம் ஒரே ஒரு கருவிக்கு எழுதப்பட்டிருந்தன. தங்கையின் போன். பகல் முழுக்க எல்லாமே அடைப்பு. மாப்பிள்ளை வேலையை முடித்த பிறகு கொஞ்சநேரம் செய்தி மட்டும் திறக்கும். பேச்சு எப்போதும் கிடையாது.

"சிம்?" என்று கேட்டான்.

"வீட்லயே இருக்கறவளுக்கு சிம் எதுக்கு? வைஃபை போதாதா?" மாப்பிள்ளை சிரித்தார். "எல்லாம் அவ பாதுகாப்புக்குத்தான் மச்சான். வெளி உலகம் எப்படின்னு உங்களுக்குத் தெரியாததா? அந்தப் பக்கத்துல மட்டும் கை வெச்சிடாதீங்க. எது மாறினாலும் என் போனுக்குச் சேதி வந்துடும்."

அடித்துவிடலாம் போல் கை துறுதுறுத்தது. அடித்துவிட்டுப் போனால், பிறகு இந்தக் கூரைக்குக் கீழே இருக்கப் போகிறவள் அவள்தானே. கோபத்தை விழுங்கினான்.

"நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும். ரெண்டு பெட்டியையும் அணைச்சுட்டு முதல்ல இருந்து எழுப்பணும். அதே நேரத்துல கீழ மாடிப்படிக்கிட்ட இருக்கற இணைப்புப் பெட்டியையும் அணைக்கணும். நீங்க போய் நில்லுங்க, நான் போன்ல சொல்றேன்."

அது பச்சைப் பொய். கீழே அணைக்க ஒன்றுமே தேவையில்லை.

"கேமராவும் நின்னுடுமா?"

"நின்னுதான் ஆகணும்."

மாப்பிள்ளை அவனையே பார்த்தார். நாளைய மீட்டிங்கை நினைத்திருக்க வேண்டும்; எழுந்து போனார். கதவைச் சாத்தினார். அதைத் தொடர்ந்து வெளியே பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

ஒயர் இரண்டு பெட்டிகளின் வயரையும் பிடுங்கினான். தங்கை சமையலறையிலிருந்து வந்தாள். அண்ணனைப் பார்ப்பதற்கு முன்னால் கூரையைத்தான் பார்த்தாள்.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு. பேசும்மா."

பேச எவ்வளவோ இருந்திருக்கும். அவள் சொன்னது ஒன்றுதான். "என்னக் கூட்டிட்டுப் போயிடுண்ணா."

"செருப்பப் போடு."

மாப்பிள்ளை திரும்பி வந்து கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் வாசலை ஒட்டி நின்றார்கள். எதிர்வீட்டுக்காரர் குப்பைப் பையோடு அப்போதுதான் வெளியே வந்தார். அதுவே ஒயருக்குத் தெம்பு கொடுத்தது.

"அம்மாவுக்கு முடியலையாம், போன் வந்துச்சு. இவளையும் கூட்டிட்டுப் போறேன்" என்று நாலு பேருக்குக் கேட்கும்படிச் சொன்னான்.

மாப்பிள்ளையின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போய், தங்கையின் போனை எடுத்துவந்து அவள் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"தாராளமா போயிட்டு வா. இத மறந்துடாத."

பைக்கில் தங்கையை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வழியெல்லாம் அவள் அண்ணனின் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். சிம் இல்லாத போன் வெறும் கல்தானே என்று ஒயர் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதுமே கதவு திறந்தது. அம்மா முகம் மலர நின்றாள்.

"எனக்கு என்னடா ஆச்சு? மாப்பிள்ளை போன் பண்ணி, உடம்பு எப்படி இருக்கு அத்தைன்னு விசாரிக்கறார். இதோ உங்க பொண்ணு வாசலுக்கு வந்துட்டா, கதவத் திறங்கன்னார். திறந்தா நிஜமாவே நிக்கறீங்க."

ஒயர் உள்ளே எட்டிப் பார்த்தான். கூடத்துச் சுவரில் நீல விளக்கோடு உட்கார்ந்திருந்தது ரவுட்டர். அத்தை டிவி பார்க்கட்டும் என்று மாப்பிள்ளை வாங்கி, எல்லாம் தானே அமைத்து அனுப்பியது. சும்மா வந்ததுதானே என்று ஒயர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் மாட்டிவிட்டிருந்தான். தங்கையின் போன் வாசலிலேயே இந்த வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொண்டது. பெட்டி உடனே எஜமானுக்குச் சொல்லிவிட்டது.

ஆணியோடு சேர்த்துப் பிடுங்கினான். காரை பெயர்ந்து விழுந்தது.

"ஏண்டா, டிவி நின்னு போச்சே" என்ற அம்மா, மகளை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். தோளைத் தொட்டாள், எலும்பு தெரியும் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். பிறகு அவள் டிவியைப் பற்றிப் பேசவில்லை.

"வேற என்னம்மா சொன்னார்?" என்றாள் தங்கை.

"அவரும் கிளம்பிட்டேன்னார். உன்னக் கூட்டிட்டுப் போக."

தங்கை அந்தப் போனை அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். கதவிடம் போய் மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள்.

"வரட்டும். நான் போகமாட்டேன்" என்றாள். "நீ போலீஸுக்குப் போன் போடுண்ணா. நானே பேசறேன்."

ஒயர் தன் போனை எடுத்து எண்களை அழுத்தினான். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. தெருமுனையில் ஒரு கார் வேகத்தைக் குறைத்துத் திரும்பும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் கதவையே பார்த்தார்கள். அந்தப் பக்கம் யாரோ போனை எடுத்தார்கள். தங்கை கையை நீட்டி வாங்கிக்கொண்டு, முதலில் தன் பெயரைச் சொன்னாள்.