கெட்டி இரும்பு

மரக்காணம் உப்பளத்துக்கு எதிரே இருந்த தட்சணாமூர்த்தியின் டீக்கடையில், சாயங்காலம் ஆனால் விஜயகுமார் வாத்தியாரின் கச்சேரி தொடங்கிவிடும். கச்சேரி என்றால் பாட்டு இல்லை, வெடிகுண்டு. சரித்திர வாத்தியார் அவர். ராஜாக்களைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடுவார். சீனாக்காரன் மூங்கில் குழாயில் மருந்து அடைத்ததில் ஆரம்பித்து, பீரங்கியில் வைத்துச் சுட்ட கல் உருண்டை, கெட்டி இரும்பு உருண்டை, பிறகு உள்ளே மருந்து நிரப்பிய குண்டு, கையெறி குண்டு, கண்ணிவெடி, ஜப்பானில் விழுந்த அணுகுண்டு வரை ஒரு டீயில் முடித்துவிடுவார். மூட்டை ஏற்றிக் களைத்து வந்த ஆட்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அந்த வாய் பிளப்புதான் அவருக்கு டீயைவிட ருசி.

சுனாமி வந்து போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. மீன்பிடிக் குப்பத்து அப்பாவு, சாக்கில் சுற்றிய ஒரு கனத்த சாமானைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கடை வாசலில் இறக்கினான். அவன் படகு, வலை, நங்கூரம் எல்லாவற்றையும் அலை வாரிக்கொண்டு போயிருந்தது. தொண்டு நிறுவனத்தார் புதுப் படகு கொடுத்தார்கள். நங்கூரம் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

"சார், அலை மண்ண அள்ளிக்கினு போச்சில்ல, அந்த எடத்துல இது மாரி ரெண்டு கெடந்துச்சி. ஒண்ண கலியமூர்த்தி எடுத்துக்கினான். போட்டுக்கு நங்கூரமா கட்டலாம்னு பாக்குறோம். குண்டு கிண்டா இருக்கப் போவுது, நீங்க பாத்து சொல்லுங்க."

வாத்தியார் குனிந்து பார்த்தார். துருவேறிய, நீண்ட இரும்பு. அடிப்பக்கம் பச்சை பிடித்த ஒரு செம்பு வளையம். கெட்டி உருண்டைக்கு வளையம் இருந்ததாக எந்தப் புத்தகத்திலும் அவர் பார்த்ததில்லை. 'தெரியவில்லை' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் கடை மொத்தமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் பேசிய பேச்சு என்ன ஆவது?

"வெள்ளைக்காரன் காலத்துக் கெட்டி இரும்புப்பா. உள்ள ஒண்ணும் கிடையாது. தாராளமா கட்டு" என்றார்.

"நீங்க சொன்னா சரி சார்" என்று அப்பாவு நிம்மதியாகத் தூக்கிக்கொண்டு போனான்.

அந்த வாரமே செய்தி வந்தது. ஸ்டவ் வெடித்து அப்பாவுவின் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டதாம். ஸ்டவ் என்றுதான் ஊரே சொன்னது. வாத்தியாருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அப்பாவு கட்டுப் போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துப் படுத்திருந்தான். மனைவி சாமுண்டீஸ்வரி விசிறிக்கொண்டிருந்தாள். வாத்தியாரைக் கண்டதும் எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அந்த மரியாதையில் அவர் உடம்பு கூசியது.

"கயிறு கோக்க ஓட்ட போடணும் சார். துரு எளகட்டும்னு அந்த இரும்ப ஸ்டவ்வு மேல வச்சேன். பாழாப்போன ஸ்டவ்வு, வெடிச்சிடுச்சி" என்றான் அப்பாவு.

"இரும்பு..." என்று வாத்தியார் தொடங்கினார்.

"அதுமேல ஒரு தப்பும் இல்ல சார். கெட்டி இரும்புன்னு நீங்கதான் சொல்லிட்டீங்களே. கலியமூர்த்தி காலையில பாக்க வந்தான். ஸ்டவ்வுல வைக்காதடா, வெறகடுப்புல வச்சி காய்ச்சுன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்."

வாத்தியார் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். கையைப் பறிகொடுத்தவன் இன்னும் தன் வாய்ச்சொல்லை நம்புகிறான்! நம்புவதோடு நிற்காமல் இன்னொருவனை அடுப்புக்கு அனுப்பியிருக்கிறான்! சாத்துக்குடிப் பையைப் போட்டுவிட்டு வெளியே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். குப்பத்தில் போன் இருந்தது அமராவதியின் பெட்டிக்கடையில் மட்டும்தான்.

"அமராவதிம்மா, ஓடிப்போய்க் கலியமூர்த்திய நிறுத்துங்க! அந்த இரும்ப அடுப்புல வைக்கக் கூடாது. ஒருத்தரும் கிட்டப் போகக் கூடாது!"

"இன்னா சார் இது? அது வெறும் இரும்புன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பூத்தில் வரிசையாக ஆட்கள் நின்றிருந்தார்கள். வாத்தியார் ஒரு கணம்தான் தயங்கினார்.

"பொய் சொன்னேம்மா! எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன். அது குண்டும்மா, ஓடுங்க!"

அமராவதி போய்ச் சேர்ந்தபோது கலியமூர்த்தி விறகை அடுக்கிவிட்டுத் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தான். அன்றைக்கே போலீஸ் வந்து மணல் மூட்டை அடுக்கியது. மறுநாள் வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதை எடுத்துப் போனார்கள். உள்ளே மருந்து அப்படியே இருந்ததாம். அப்பாவு எடுத்ததில் பாதி மருந்து நமுத்துப் போயிருந்திருக்கிறது, அதனால்தான் உயிர் தப்பியதாம். "கரையில அடையாளம் தெரியாத இரும்பு கெடந்தா தொடாதீங்க, தட்டாதீங்க. யார் என்ன சொன்னாலும் கேக்காதீங்க. எங்களுக்குச் சொல்லுங்க" என்று இன்ஸ்பெக்டர் குப்பத்தில் சொல்லிவிட்டுப் போனார். 'யார் என்ன சொன்னாலும்' என்றபோது எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனார். செம்பு வளையத்தைப் பார்த்ததையும், சந்தேகத்தை விழுங்கியதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். எந்த நாட்டான் எந்தக் குண்டைச் செய்தான் என்று வருஷக்கணக்காகப் பேசியிருக்கிறார். அது விழுந்த இடத்தில் யார் கை போனது என்று ஒருநாளும் பேசியதில்லை. இப்போது அந்தக் கை எதிரிலேயே இருந்தது.

அப்பாவு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"என்ன திட்டிடுங்கம்மா" என்று வாத்தியார் சாமுண்டீஸ்வரியிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவள் திட்டவில்லை. விசிறியைக் கீழே வைத்தாள்.

"தெரியலன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார். வாத்தியாருக்கே தெரியாத சாமான், நமக்கு எதுக்குன்னு அங்கியே போட்டுட்டு வந்திருப்பாரு. உங்க மேல மரியாதையும் கொறஞ்சிருக்காது, இவரு கையும் இருந்திருக்கும். படிச்சவங்க தெரியாதத தெரியாதுன்னு சொல்லணும் சார். நீங்க சொல்றத நம்பித்தானே நாங்க நெருப்புல கைய வைக்கிறோம்!"