ஆடு விற்று வாங்கிய கம்ப்யூட்டர்

அமீனுல்லாவின் கடைக்கு வருகிறவர்கள் கம்ப்யூட்டரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பூபாலன் ஒவ்வொன்றாகத் திருப்பி முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாணியம்பாடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்துக் கடையில், மூடிப்போன ஷூ கம்பெனி ஒன்றிலிருந்து வந்த பழைய பெட்டிகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. தூசி அவன் மீசையில் படிந்து அவனுக்கு வயதைக் கூட்டியிருந்தது.

"இன்னா தம்பி, மாட்டுச் சந்தையில கூட பல்லத்தான் புடிச்சிப் பாப்பாங்க. நீ வாலத் தூக்கிப் பாக்கறியே?" என்றார் அமீனுல்லா.

"நானும் பல்லுதான் பாக்கறேன் பாய். பின்னாடி ஒம்போது ஊசி நிக்கிற பழைய சொருவு ஒண்ணு வருமே, அது வேணும்."

"அத்த யாரு இப்போ கேக்கறா? பசங்க வந்தா கேம் ஓடுமான்னு கேப்பாங்க. பொண்ணுங்க வந்தா கேமரா இருக்கான்னு கேப்பாங்க. புதுசுல அந்தச் சொருவே வர்றதில்ல."

"அதான் பாய் கெழடா தேடறேன். எனக்கு ஓட வேண்டியது நம்பர் மட்டும்தான்."

கணியம்பாடிப் பக்கம் ஒரு கல் குவாரியின் எடைமேடையில் பூபாலன் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தவன். லாரி ஏறி நிற்கும், எடை அந்த ஒன்பது ஊசி வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும், அவன் சீட்டு அடித்துக் கொடுப்பான். போன வருஷம் முதலாளி கேமரா மாட்டி, சீட்டு தானாகவே வரும்படி செய்துவிட்டு, பூபாலனை வேலையை விட்டு நிறுத்திச் சொந்த மலையூருக்கே அனுப்பிவிட்டார். "உன் வேலயத் தின்னதும் ஒரு கம்ப்யூட்டரு. இப்போ இன்னொண்ணுக்குத் தீனி போடப் போறியா?" என்று சொல்லித்தான் நீலாவதி அன்று காலையில் புருஷனை பஸ் ஏற்றினாள்.

அமீனுல்லா அடியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை உருவினார். பின்னால் ஒன்பது ஊசியும் வளையாமல் இருந்தன. கனமான இயக்க மென்பொருளை அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கிற லேசான ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். திரையின் ஓரத்தில் ஒரு கீறல். அதற்காகக் கொஞ்சம் குறைத்தார். ஆடு விற்ற பணம் என்று பூபாலன் உளறிவிட்டதற்காக இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

"இன்னாத்துக்குன்னு சொல்லவே இல்லியே?"

"எங்க ஊர் தராசுக்குக் கண்ணு போயிடுச்சி பாய். இத கண்ணா வெக்கப் போறேன்."

விஷயம் அதுதான். புங்கமேட்டுப் பெண்கள் குழுவுக்கு எப்போதோ ஒரு மேடைத்தராசு கிடைத்திருந்தது. ஒரு மழையில் இடி இறங்கி, எண் காட்டுகிற பகுதி செத்துப்போனது. சரிபார்க்க வந்தவன் தூக்கிப் போடச் சொன்னான். பெண்கள் போடவில்லை, அதன்மேல் குடத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். பூபாலன்தான் ஒரு நாள் குடத்தை இறக்கி, பின்பக்க ஒயரைச் சோதித்து, எடை இன்னும் அதில் வந்துகொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தான். தராசு பேசுகிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

அதைக் கேட்க ஆள் ஏன் அத்தனை தேவை என்றால், சாமை அறுப்பு முடிந்ததும் கலசப்பாக்கத்து வியாபாரி கோகுலகிருஷ்ணன் கொள்முதலுக்கு மினி லாரியில் வருவார். லாரியின் பின்கம்பியில் அவருடைய கொக்கித் தராசு தொங்கும். அதன் எண் அவர் டிரைவர் சுரேஷின் பக்கமே திரும்பியிருக்கும். போன அறுப்பில் சுரேஷ் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, பூபாலன் தையல் பிரிக்காத ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையை அதில் மாட்டிப் பார்த்தான். நாற்பத்து நாலு என்றது. இறக்கி மாட்டினான். அப்போதும் நாற்பத்து நாலு. கோகுலகிருஷ்ணனிடம் கேட்டதற்கு அவர் முகம் துளியும் மாறவில்லை. "சிமெண்ட் கம்பெனிக்காரன் கம்மியா போட்டிருப்பான் பூபாலா. இந்தக் காலத்துல யார நம்ப முடியுது?" என்றார்.

மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆலங்காயம் வழியாக பஸ்ஸில் ஏறி வந்தான். மலை வளைவுகளில் அதைக் குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்தான். ஜமுனாமரத்தூரில் இறங்கி, ஊருக்குப் பால் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது குப்பம்மா ஆடு கட்டுகிற காலிக் கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விற்றது அவளுடைய ஆடு. குழுவில் மற்றவர்கள் கையில் விற்க ஒன்றும் இல்லை.

"இதாடா என் ஆடு? பால் குடுக்குமா? குட்டி போடுமா?"

"புழுக்க போடாது அத்த. அதான் இதுல விசேஷம்."

"உன் வாயி இருக்கே..."

"இந்த ஒரு அறுப்பு அத்த. எடை சரியா வந்தா, மிச்சம் வர்றதுல உன் கட்டையில ஆடு நிக்கும். சென ஆடா கொண்டாந்து கட்டறேன்."

மறுநாள் மதியத்துக்குள் வேலை முடிந்தது. பூபாலன் குழுக் கட்டடத்தின் வாசலில் பெஞ்சு போட்டு, திரையைத் தெருவைப் பார்க்க வைத்தான். எண்கள் திரை முழுக்க நிறைகிற மாதிரி எழுத்தைப் பெரிதாக்கினான். இருபதடி தள்ளி நின்றாலும் 0.00 தெரிந்தது. பிரிக்காத சிமெண்ட் மூட்டையைத் தூக்கி வைத்தார்கள். 50.10.

"பாரு, கம்பெனிக்காரன் ஒரு பிடி அதிகமாத்தான் போட்டிருக்கான். பாவம், அவன் பேர கெடுத்தாங்க" என்றாள் நீலாவதி.

அன்றைக்கு ஊரே தராசில் ஏறி இறங்கியது. குப்பம்மா முப்பத்தெட்டு கிலோ. "கண்ணாலத்தப்போ இருந்ததுல பாதி கீறேன்" என்று அவளே சிரித்தாள். நீலாவதியைவிடப் பூபாலன் இரண்டு கிலோ குறைவு. அதை அவள் தெருவுக்கு மூன்று முறை படித்துக் காட்டினாள். ஒரு கோழியைப் பிடித்து வைக்கப் பார்த்தார்கள். அது நிற்காமல் ஓடிவிட்டது.

கோகுலகிருஷ்ணன் வந்த காலையில் மூட்டைகள் வரிசையாக நின்றன. அன்றைக்குப் பார்த்து கரண்டும் போகவில்லை. அவர் வெள்ளைச் சட்டையில் இறங்கி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"இன்னா பூபாலா, டிவியா? கிரிக்கெட் வருமா?"

"ஒரே சேனலுதான் மொதலாளி. எடை மட்டும் வரும்."

குப்பம்மாவின் மூட்டையை இரண்டு பேர் தூக்கி மேடையில் வைத்தார்கள். மேலே கட்டு சரியாக இல்லாததால் ஒரு கை சாமை மேடையில் சிந்தியது. திரையில் எண்கள் ஆடி, நின்றன. 47.60. தெருவில் யாரோ கைதட்டினார்கள். கோகுலகிருஷ்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். பெட்டியின் முதுகைப் பார்த்தார்.

"கரெக்டா காட்டுது. மூளக்காரன்யா நீ. கீழ இருந்தீன்னா எங்கயோ போயிருப்ப."

பூபாலன் அவர் கோபப்படுவாரென்று காத்திருந்தான். அதற்காக இரண்டு மூன்று பதில்களைத் தயார் செய்தும் வைத்திருந்தான். அவர் கோபப்படவில்லை.

"சரி. என் கொக்கில போட்டா கிலோ நாப்பது. உங்க மேடைல போட்டா முப்பத்தி நாலு. எது வேணுமோ போடுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒரே சாமைக்கு எப்டிங்க ரெண்டு வெல?" நீலாவதி முன்னால் வந்தாள்.

"ரெண்டு தராசு கீதே ம்மா."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "கணக்கப் போடு. எல்லாருக்கும் தெரியற மாதிரி போடு."

பூபாலன் உட்கார்ந்து விசைகளைத் தட்டினான். மேடையில் நாற்பத்தேழு அறுபது, முப்பத்து நாலு ரூபாய்: 1618.40. கொக்கியில் இதே மூட்டை நாற்பத்திரண்டுக்கு மேல் காட்டாது என்று ஊருக்கே தெரியும். நாற்பத்திரண்டு, நாற்பது ரூபாய்: 1680.00. அவன் பெரிதாக்கி வைத்திருந்த எழுத்தில் இரண்டும் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரு முழுக்கத் தெரிந்தன. நீலாவதி அதைச் சத்தமாகப் படித்தாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"திருடறதுக்கு ஒரு வெல, திருடாம இருக்கறதுக்கு ஒரு வெல. இதானே?" என்றாள்.

"வாய விடாத ம்மா. நான் யாரையும் கட்டாயப்படுத்தல. பிடிக்கலன்னா கீழ கொண்டு போய் வித்துக்கங்க."

கீழே மண்டி வைத்திருந்த மூன்று பேரில் இரண்டு பேர் அவருடைய மச்சான்கள். மூன்றாமவர் அவர்களைக் கேட்காமல் மலைச் சரக்கு எடுப்பதில்லை.

"எடுத்துனு போறோம். வண்டி புடிச்சி எடுத்துனு போறோம். உங்களுக்கு ஒரு மணி கெடையாது!" நீலாவதி மூட்டைகளுக்கு முன்னால் போய் நின்றாள். "யாரும் போடாதீங்க. இன்னிக்கு ஒரு நாளு யாரும் போடாதீங்க!"

"ரொம்ப சந்தோஷம்" என்றார் கோகுலகிருஷ்ணன். "வெதைக்கும் உழவுக்கும் நான் குடுத்தத மட்டும் இன்னிக்கே எண்ணி வெச்சிடுங்க. நான் கெளம்பறேன்."

எண்ணி வைக்க யார் கையிலும் பணம் இல்லை. பூபாலனுக்குத் தான் குவாரியில் இருந்தபோது ஓவர்லோடு லாரிகள் சீட்டு வாங்காமலே போனதும், அந்த நேரம் பார்த்து முதலாளி தன்னைத் தேநீர் குடிக்கப் போகச் சொன்னதும் ஞாபகம் வந்தது. அங்கேயும் எடைமேடை சரியாகத்தான் இருந்தது.

குப்பம்மா எழுந்து, மேடையிலிருந்த தன் மூட்டையின் காதைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"அத்த..."

"வுடுடா."

"அத்த, கொஞ்சம் பொறு. ஒரு வாரம் பாக்கலாம்."

"ஒரு வாரத்துக்கு சோறு நீ போடுவியா? எது பெரிசுன்னு நீதானடா எழுதிக் காட்டுன." அவள் சுரேஷைப் பார்த்தாள். "எங்க உன் கொக்கி? மாட்டு."

கொக்கி மூட்டையைத் தூக்கியது. "நாப்பத்திரெண்டு" என்றான் சுரேஷ். அடுத்த மூட்டை வந்தது. அதற்கடுத்தது வந்தது. நீலாவதி கட்டடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுடைய மூட்டைகளை மாமனார் கருப்பன்தான் முதுகில் சுமந்து போய்க் கொக்கியில் மாட்டினார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு மூட்டையும் பெஞ்சைத் தாண்டித்தான் போனது. கணக்கை அழித்துவிட்டுப் பூபாலன் எடைக்கே திருப்பி வைத்திருந்த திரையில் 0.00 நின்றது.

ஏற்றி முடித்ததும் சுரேஷ் துடைப்பம் எடுத்து, கொக்கிக்குக் கீழே சிதறிய சாமையைக் கூட்டி ஒரு கோணியில் அள்ளினான். சிந்தியது வண்டிக்கு, அது எப்போதும் உள்ள வழக்கம். மேடையில் கிடந்த ஒரு கையளவை அவன் தொடவில்லை. அங்கேதான் யாரும் ஒன்றும் விற்கவில்லையே.

கோகுலகிருஷ்ணன் வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கிப் பூபாலனைக் கூப்பிட்டார்.

"இந்த செட்ட குடுக்கறதா இருந்தா எனக்கே குடு. என் குடோன்ல வெக்கறேன். மில்லுக்காரன் எடைல என்னமா ஏமாத்தறான் தெரியுமா? வயிறு எரியுது பூபாலா."

அவர் நிஜமாகவே வருத்தமாகத்தான் சொன்னார். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வளைவில் இறங்கியது.

தெரு காலியானது. குப்பம்மா ஆட்டுக் கட்டையில் தொங்கிய கயிற்றை அவிழ்த்து, முழங்கையில் சுற்றிச் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

"அந்தப் பொட்டிய அணைச்சித் தொல" என்று கதவுக்குப் பின்னாலிருந்து நீலாவதியின் குரல் வந்தது. "கரண்டாவது மிச்சமாகட்டும்."

பூபாலன் பெஞ்சருகே போய்ச் சுவிட்சில் கை வைத்தான். அப்போது அன்றைக்குத் தராசில் நிற்காமல் ஓடிப்போன கோழி வந்தது. அக்கம்பக்கம் பார்த்தது. மேடைமேல் ஏறி, சிந்திக் கிடந்த சாமையை நின்று நிதானமாகக் கொத்தத் தொடங்கியது. திரையில் எண்கள் ஆடின. அவன் கையை எடுத்தான்.

1.35 என்று வந்து நின்றது.