கேட்டு வாசலில் வாய் திறக்காதவள்

ஒரு கைப்பிடிச் சோறு. அந்த ஒரு கைப்பிடிக்காகத்தான் சன்னாசியை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போய் நாலு மாதமாகிறது. அந்த நாலு மாதமும் அவன் பெண்டாட்டி புஷ்பவள்ளி தன்னைத்தானே திட்டிக்கொண்டு கிடந்தாள். சோறு அவளுடையது என்பது அவளுக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் அது. மலாயாவில், அசாம் ஜாவா என்ற ஊரிலிருந்து நாலு மைல்கட்டை உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம். ஜனங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி இரண்டு வரிசைக் கம்பி வேலி போட்டு, போக வர ஒரே ஒரு கேட்டு வைத்துவிட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்தினால் விடிந்துதான் திறப்பார்கள். காலையில் பால் வெட்டப் போகிறவர்களை ஆம்பளை ஒரு வரிசை, பொம்பளை ஒரு வரிசையாக நிறுத்தி, வாளிக்குள் கைவிட்டு, கொண்டையை அவிழ்த்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். வேலிக்கு வெளியே ஒரு பருக்கை போகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுக்காரனுக்குச் சோறு போய்ச் சேர்ந்துவிடுமாம். அதற்காகப் பால் வெட்டுகிறவள் மத்தியானம் வரைக்கும் வெறும் வயிற்றோடு நிற்க வேண்டும். நல்ல நியாயம்தான், போங்கள்!

ஆனால் தோட்டத்து ஜனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. புஷ்பவள்ளி பால் வெட்டுகிற மர நிரை தொடங்குகிற இடத்தில் முனியாண்டி கல் ஒன்று இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் முதல் கை அந்தக் கல்லுக்கு, அப்புறம்தான் தனக்கு. வேலி வந்தபிறகு முனியாண்டியும் பட்டினிதான். எல்லோரும் இலையையோ பூவையோ வைத்துச் சமாளித்தார்கள். புஷ்பவள்ளியும் அப்படித்தான் இருந்திருப்பாள். ஆனால் அவள் மகள் வேலம்மாவுக்கு, மூன்று வயதுப் பிள்ளைக்கு, ஆறு நாள் காய்ச்சல் விடாமல் அடித்தது. "சாமி, புள்ளைய எழுப்பிக் குடு, உனக்குச் சோறே கொண்டாந்து வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டாள். ஏழாம் நாள் பிள்ளை எழுந்து கஞ்சி கேட்டது. சாமியிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி என்ன செய்வது? ஒரு கைப்பிடிச் சோற்றை இலையில் மடித்துக் கத்திப்பையின் அடியில் வைத்தாள்.

அவளுடைய கத்தியைத் தீட்டிக் கொடுப்பது எப்போதும் சன்னாசிதான். அன்றைக்கும் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கத்தியை வாங்கித் தீட்டினான், பையில் போட்டான், தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு ஆம்பளை வரிசைக்குப் போய்விட்டான். பையில் இருந்தது அவனுக்குத் தெரியாது. புஷ்பவள்ளி பார்த்தாள். கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள். கூப்பிடாமலே இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு பொம்பளை வரிசையில் போய் நின்றாள். போலீஸ்காரன் பையைக் கவிழ்த்தான், இலை விழுந்தது, பிரிந்தது. "இது யார் பை?" என்று கேட்டான். சன்னாசி சோற்றைப் பார்த்தான். தலையைத் திருப்பிப் பொம்பளை வரிசையில் நின்ற அவளை ஒரே ஒருமுறை பார்த்தான். பிறகு, "என்னோடதுதான்" என்றான்.

அவள் வாயைத் திறக்கவில்லை. லோரி கிளம்பித் தூசி அடங்குகிற வரைக்கும் திறக்கவில்லை.

அதற்கப்புறம் அவளுக்கு வேலிக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றாகிவிட்டது. மரத்தடியில் நின்றாலும் அந்தப் பார்வை, அடுப்படியில் உட்கார்ந்தாலும் அந்தப் பார்வை. 'நீயெல்லாம் ஒரு பொம்பளையா? கட்டினவனைக் காட்டிக் குடுத்துட்டுக் கல்லு மாதிரி நின்னியே, பாவி' என்று உள்ளுக்குள் ஒரு குரல் ஓயாமல் திட்டியது. யாரும் திட்டவில்லை, ஐயா. ஊரே அவளைப் பார்த்து உச்சுக்கொட்டியது. அதுதான் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை.

உண்மையைச் சொல்ல அவள் முயற்சி செய்யாமலும் இல்லை. இரண்டாம் மாதம் ஒரு இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு வந்திருந்தார். ஓடிப்போய் வாசலில் விழுந்தாள். "நான் பாவி, நான் சண்டாளி, என்னைக் கொல்லுங்க சாமி" என்று தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டாள். ஆபீசில் கணக்கு எழுதுகிற செல்லையா கிராணி பதறிப்போய் வந்து தூக்கினார். இன்ஸ்பெக்டர் என்ன என்று கேட்டார். "புருஷன் உள்ளே இருக்கிறான், அழுகிறாள்" என்றார் கிராணி. பாவம், அவரும் வேறு என்ன சொல்வார்? அவள் வாயிலிருந்து வசவுதான் வந்ததே தவிர, சோறு யாருடையது என்ற ஒரு வார்த்தை வரவில்லையே!

பிறகு ஒருநாள் கிராணி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வர்ற மாசம் மூணாந்தேதி கோலசிலாங்கூர்ல சன்னாசி கேஸை விசாரிக்கிறாங்க. வீட்டாள் பேசலாம். அஞ்சு நிமிஷம் குடுப்பாங்க. அதுல தீர்ந்துதுன்னா சரி. இல்லேன்னா தூரத்து முகாமுக்கு அனுப்பிடுவாங்க, எப்ப வருவான்னு யாராலயும் சொல்ல முடியாது. அங்க போயி ஒப்பாரி வைக்காத, என்ன?"

மூணாந்தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. புஷ்பவள்ளி பிள்ளையைக் கூப்பிட ஆயாக்கொட்டாய்க்குப் போனவள், அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது கான்ஸ்டன்ஸ். தோட்டத்தில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாது, எல்லாருக்கும் அவள் கான்சு அக்கா. புஷ்பவள்ளியைவிட நாலைந்து வயது மூத்திருப்பாள். புருஷன் ஜூலியஸ் ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவன். வாய் கொஞ்சம் நீளம். பத்துத் தூளியை ஒரே ஆளாக ஆட்டுகிறவளுக்கு நீளமாகத்தான் இருக்கும்.

"என்னடி, முகம் இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?" என்றாள்.

புஷ்பவள்ளி அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒரு ஆளிடம் சொன்னாள். இலை, கத்திப்பை, பார்வை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையைத் தலைக்குக் கொண்டுபோனாள். கான்ஸ்டன்ஸ் அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளைங்க தூங்குது. இங்க அடிக்கிற வேலை வச்சுக்காத. நாலு மாசமா திட்டுறியே, அவன் வந்துட்டானா?"

"நான் செஞ்சதுக்குத் திட்டாம கொஞ்சவா சொல்றீங்க?"

"உன் மக பால் மங்குக் கிண்ணத்தைத் தட்டிவிட்டா ஒரு அடி வைப்பே. நாலு மாசம் நிறுத்தாம அடிப்பியா? அடிச்சா அது பேச்சே வராத புள்ளையாப் போயிடும்டி. உனக்கு அங்க போயிப் பேச்சு வரணும்."

அப்புறம் அவள் தன் கதையைச் சொன்னாள். தெருமுனையில் அரிசி கொடுக்கிறார்கள் என்று கேட்டு, ஜூலியஸைப் பையைக் கொடுத்து அனுப்பியதே இவள்தான். வரிசையில் நின்றவர்களை அப்படியே லோரியில் ஏற்றிவிட்டார்கள். "ரெண்டு வருஷம் என்னை நானே தின்னேன். அப்ப ஒரு கைப்புள்ள, அம்மா இல்லாதது, என் நெஞ்சு மேல படுத்தாத்தான் தூங்கும். அசையக் கூடாது. வேற வேலை இல்லாம அது மூச்சு ஏறுறதையும் இறங்குறதையும் பாத்துக்கிட்டே கெடப்பேன். அப்படியே என் மூச்சையும் பார்த்தேன். மனசு வரிசைக்கு ஓடும், லோரிக்கு ஓடும். கூட்டிட்டு வருவேன். தவழுற புள்ள படி தாண்டிப் போனா அடிச்சா இழுத்துட்டு வர்றோம்? தூக்கிட்டு வர்றோம்ல, அப்படி. அவ்வளவுதான்டி. மந்திரமும் இல்ல, செபமும் இல்ல."

புஷ்பவள்ளிக்கு எரிச்சலாக வந்தது. புருஷன் உள்ளே கிடக்கிறான், இவள் மூச்சைப் பார்க்கச் சொல்கிறாள்! இருந்தாலும் உட்கார்ந்தாள். வேறு எங்கே போவது? சுற்றி வேலி.

முதல் நாள் பத்து மூச்சுகூடத் தாண்டவில்லை. 'கட்டினவன் கம்பிக்குள்ள, நீ காத்து வாங்குறியா' என்று குரல் ஏறிக்கொண்டது. எழுந்து போய்விட்டாள். மறுநாள் மறுபடியும் வந்தாள். கான்ஸ்டன்ஸ் அவளுடைய கையை எடுத்து அவள் நெஞ்சிலேயே வைத்து, "புள்ளைக்குத் தட்டுற மாதிரி தட்டு" என்றாள். வெட்கமாக இருந்தது. தட்டினாள். குரல் வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காதே, விரட்டாதே, 'வந்துட்டியா, உக்காரு' என்று சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்பு என்றாள் அக்கா. சில நாள் குரல் உட்கார்ந்தது. பல நாள் அவளைத்தான் உட்கார வைத்தது. ஆறு மணிக்குக் கேட்டுச் சாத்துகிற சத்தம் கேட்டால் உடம்பெல்லாம் இறுகிப்போகும், பார்த்த மூச்செல்லாம் வீண் என்று தோன்றும். நாள் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

விசாரணைக்கு நாலு நாள் இருக்கையில் காலையில் கேட்டில் நின்றிருந்தாள். முன்னால் இருந்தவளின் கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல அவளுக்கு முழங்கால் நடுங்கியது. வழக்கமாக அந்த நடுக்கத்துக்கும் ஒரு திட்டு விழும். அன்றைக்கு அவள் திட்டவில்லை. கால் நடுங்குகிறது, சரி. மூச்சு முட்டுகிறது, சரி. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், நாலு மாதமாக மறைத்து வைத்திருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. அன்றைக்கு இதே இடத்தில் நின்றபடியே அவளுக்குச் சிறுநீர் போய்விட்டது. சேலை நனைந்து கால் வழியே இறங்கியது. வாளித் தண்ணீர் சிந்தியதாக யாரிடமோ பொய் சொன்னாள். அதை இத்தனை நாள் அவள் நினைத்தும் பார்க்கவில்லை. அவள் நினைவில் இருந்ததெல்லாம் வாயைத் திறக்காத சண்டாளி மட்டும்தான். இப்போது பார்த்தால் அங்கே நிற்பது ஆறு நாள் தூங்காத ஒருத்தி, இரண்டு கையிலும் வாளி, காலெல்லாம் ஈரம், பயத்தில் மூச்சு வராமல் நிற்கிறாள்.

ஐயோ பாவமே என்று இருந்தது அவளுக்கு. இத்தனை நாள் ஊர் சொன்ன வார்த்தைதான். ஆனால் தானே தன்னைப் பார்த்து அப்படி நினைத்தது அன்றைக்குத்தான். சோதனை முடிந்து தீம்பார் ரப்பர்க் காட்டுக்குள் போய், முதல் மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். அடித்துக்கொள்ளாமல் அழுதாள்.

மூணாந்தேதி பிள்ளையைக் கான்ஸ்டன்ஸிடம் விட்டுவிட்டு, கிராணியோடு தோட்டத்து லோரியில் கோலசிலாங்கூர் போனாள். சின்ன அறை. மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் தமிழ் பேசுகிற மொழிபெயர்ப்பாளர். சுவரோரம் பெஞ்சில் சன்னாசி இருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவளை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன சொல்லணும்?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

குரல் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. 'பாரு, உன்னால எப்படி ஆயிட்டான் பாரு.' வந்துட்டியா, உக்காரு என்றாள் மனசுக்குள். ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. வாயைத் திறந்தாள்.

"அந்தச் சோறு என்னோடதுங்க. புள்ளைக்குக் காய்ச்சல், முனியாண்டிக்கு வேண்டிக்கிட்டேன். பை என்னோடது. கத்தி தீட்டிட்டு அவரு தோள்ல போட்டுக்கிட்டாரு. உள்ள சோறு இருந்தது அவருக்குத் தெரியாது."

செல்லையா கிராணி எழுந்து, அந்த நிரையில் கல் இருப்பதையும் எல்லோரும் அங்கே முதல் கை வைப்பதையும் இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரர் எழுதினார். நிமிர்ந்து ஏதோ கேட்டார்.

"அன்னைக்கே ஏன் சொல்லலைன்னு கேக்குறாரு."

"பயந்துட்டேன். நின்ன எடத்துலயே மூத்திரம் போயிட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார்.

"அதையும் சொல்லுங்க" என்றாள். "அவ்வளவு பயம். வாய் வரல."

அவர் சொன்னார். வெள்ளைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

"இப்ப பயமில்லையா?"

"இருக்குங்க. ஆனா வாய் வருது."

வெள்ளைக்காரர் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். யாருடனோ டெலிபோனில் பேசுவது கேட்டது. அரை மணி நேரம் கழித்து வந்து முடிவைச் சொன்னார். சன்னாசி இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். சோறு கொண்டுபோனது குற்றம், அதனால் அவள் இங்கேயே இருக்க வேண்டும். கோர்ட்டில் நிறுத்துவார்கள், மூன்று மாதம் கிடைக்கலாம்.

வெளி வராந்தாவில் இரண்டு நிமிஷம் பேச விட்டார்கள்.

"பைத்தியமாடி உனக்கு? நான்தான் உள்ள கெடக்குறேனே, ஒருத்தர் போதாதா?" என்றான். பிறகு, "பொய் சொல்ல மாட்டேன். உன்னை நெனச்சு நான் திட்டாத நாளில்ல. ஒரு வார்த்தை சொல்லலியே, கல்லு மாதிரி நின்னாளேன்னு... ரொம்பக் கேவலமாத் திட்டியிருக்கேன்" என்றான்.

நாலு மாதமாக அவள் எதைக் கேட்கப் பயந்தாளோ அது இதுதான். கேட்டாகிவிட்டது. நெஞ்சு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டாள்.

"புள்ள கான்சு அக்காகிட்ட இருக்கா. ஆறு மணிக்குள்ள போயிச் சேருங்க, இல்லேன்னா கேட்டைச் சாத்திடுவான்" என்றாள்.

"நான் திட்டினேன்னு சொல்றேன், நீ வேற என்னமோ பேசுற!"

"இன்னும் மிச்சமிருந்தா திட்டுங்க, நின்னு கேட்டுக்குறேன்" என்றாள் புஷ்பவள்ளி. "ஆனா உங்களோட சேர்ந்து நானும் திட்டுவேன்னு எதிர்பாக்காதீங்க. நான் திட்டி முடிச்சிட்டேன்."