லீவு கொடுக்க ஆளில்லாத வேலை

1

இந்தக் காலத்தில் பெற்ற மகளிடம் பேசுவதற்கே மனு எழுத வேண்டியிருக்கிறது. ஒரே அறை, ஒரே மேஜை. அவள் காதில் மட்டும் இரண்டு கறுப்புக் கிண்ணங்கள். வாயைத் திறந்தால் திரும்பாமலேயே உள்ளங்கையைக் காட்டுகிறாள், நாற்சந்தியில் நிற்கிற போலீஸ்காரர் மாதிரி. "அப்பா, ஏதாவது சொல்லணும்னா எழுதி வைங்க. வேலை முடிஞ்சதும் படிக்கிறேன்" என்றாள். எழுதினார். இந்தக் கதை பிறந்த கதை இவ்வளவுதான்.

எழுதுகிறவரைப் பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 'நான்' என்றுதான் ஆரம்பித்தார். படித்துப் பார்த்தால் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுத்ததுபோல இருந்தது. அடித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியவனைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தவர், அவ்வளவே. பிழை இருந்தால் மகள் திருத்துவாள். அவள் பிழைப்பே எழுத்துதானே.

2

முதல் தொடக்கம்: கூண்டைவிட்டு வெளியே வந்த கிளியைப்போல மகள்

(வேண்டாம். ஆபீசில் அவளுக்கு ஜன்னலோர நாற்காலி. கூண்டா அது?)

இரண்டாவது தொடக்கம்: இருந்த வேலையை எட்டி உதைத்துவிட்டு

(இதுவும் பொய். இன்னும் உதைக்கவில்லை. நீண்ட விடுப்பில் இருக்கிறாள். தனியாக வேலை பிடித்துச் செய்து பார்ப்பாளாம். ஒத்துவந்தால் ராஜினாமா, இல்லாவிட்டால் விடுப்பு முடிகிற திங்கட்கிழமை பழைய நாற்காலிக்கே திரும்பிவிடுவாளாம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.)

சரி, உள்ளதை உள்ளபடி. படம் ஓடும்போது திரைக்குக் கீழே எழுத்து வருமே, அதை எழுதுகிறவள் மகள். காது கேளாதவர்களுக்காகச் சத்தத்தையும் அடைப்புக்குறிக்குள் எழுதுவாள். [கதவு தட்டும் ஓசை]. [தூரத்தில் குழந்தை அழுகிறது]. ஆபீசில் செய்ததைத்தான் இப்போது சாப்பாட்டு மேஜையில் செய்கிறாள், யார் வேலை கொடுத்தாலும்.

பெரியவருக்கு இது பிடிக்கவில்லை.

3

அவர் வாழ்நாளெல்லாம் பாட்டில் தொழிற்சாலையில் இருந்தவர். அங்கே சூப்பர்வைசருக்கு 'மீசை' என்று பெயர். லீவு வேண்டுமென்றால் மீசையின் கண்ணாடி அறைக்கு வெளியே நின்று இரும வேண்டும். இருமல் பிடித்துப்போனால் கொடுப்பான். அவனைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் அவன் கொடுத்துவிட்டால், வீட்டில் வந்து படுப்பது சட்டப்படி படுப்பது. மனசு உறுத்தாது.

"உனக்கு யாரு லீவு குடுப்பா?" என்று மகளிடம் கேட்டார்.

"நானே எடுத்துக்குவேன்பா."

"தானே எடுத்துக்கிட்டா அதுக்குப் பேரு லீவு இல்ல பாப்பா. மட்டம் போடறது."

"அப்போ மட்டம் போட்டுக்கறேன்."

"நீயா? அம்மை போட்டப்பவே பையைத் தூக்கிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பினவ நீ!"

சிரித்தாள். கிண்ணங்களை மாட்டிக்கொண்டாள்.

(இந்த மகள் பாத்திரத்தின்மேல் பெரியவருக்குச் சந்தேகம். கதையில் சும்மா சும்மா சிரிக்கிறாள். நிஜத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலையில் உட்கார்ந்தாள். தட்டில் போட்டது காய்ந்துபோனது. கதைக்காரர் இதையெல்லாம் விட்டுவிடலாம். பெற்றவர் எப்படி விடுவார்?)

4

வியாழக்கிழமை காலை, போர்வையைப் போர்த்திக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. இருமினாள். மீசைக்காக இருமுகிற இருமல் இல்லை, நிஜம்.

"சார், இன்னைக்கு ஒரு நாள் லீவு வேணும்."

விளையாட்டுக்குத்தான் கேட்டாள். பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை. நெற்றியைத் தொட்டார். அனல்.

(இந்த இடத்தில் கதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் அவர், "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பிக்கிறார். அரைப் பக்கம் எழுதினார், நன்றாகவே வந்தது. கிழித்துப்போட்டார்.)

"குடுத்தாச்சு. போய்ப் படு."

"மீசை மாதிரி கொஞ்சம் முறைச்சுட்டாவது குடுங்க."

"போடி, படு."

படுத்தாள். அவள் அப்படித் தூங்கி அவர் வெகுநாளாகப் பார்க்கவில்லை. மேஜையில் போன் அடித்தது. தூக்கம் கலைந்துவிடுமே என்று எடுத்தார். வேலை கொடுத்த கம்பெனிக்காரப் பையன்.

"மேடம், அந்தப் படம் இன்னைக்கு வந்துடுமா?"

"வராது. அவங்க லீவு."

"லீவா? அவங்க தனியாத்தானே வேலை பாக்கறாங்க?"

"யாரு சொன்னா? லீவு குடுத்ததே நான்தான்."

"ஐயோ, நீங்க மேனேஜரா சார்? சாரி சார், தெரியாது. அப்போ நாளைக்கு..."

"நாளைக்கும் லீவு."

"கேட்டிருக்காங்களா சார்?"

"கேக்கல. குடுத்திருக்கு."

(பெரியவர் பொய் சொன்னாரா? மேனேஜர் என்று சொன்னது அவன். இவர் மறுக்கவில்லை, அவ்வளவுதான். கேட்காமல் லீவு கொடுத்தது மட்டும் புதுசு. மீசை சாகும்வரை அதைச் செய்ததில்லை.)

5

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவர் இதுவரை எழுதியதை மகள் படித்தாள். மேனேஜர் வருகிற இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்றதும் தாள்களை அடுக்கி வைத்தாள்.

"நாளைக்கு ஆபீசுக்குப் பதில் சொல்லணும்பா."

"திரும்பிப் போயிடு. அதான் நல்லது."

"போகலாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. போகலைன்னா, இனிமேலும் நீங்க லீவு குடுப்பீங்களா?"

பெரியவர் வசமாக மாட்டிக்கொண்டார். கொடுப்பேன் என்றால் ராஜினாமாவில் அவரும் கையெழுத்துப் போட்டமாதிரி. மாட்டேன் என்றால், இந்தப் பிள்ளை காய்ச்சலோடு உட்காருவாள். அதுவும் போகட்டும், மேனேஜருக்கே ஒருநாள் பெரிய லீவு வந்துவிட்டால், அப்புறம் இவளுக்கு யார்

(அடித்துவிட்டார்.)

அவர் சொன்ன பதிலை இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள் பெற்றவராக இருந்தால் என்ன சொல்வீர்களோ, அதைக் கீழே விட்டிருக்கிற கோட்டின்மேல் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இது ஒரு வேலையா என்று கேட்டால், இல்லை என்றுதான் பெரியவர் இன்றைக்கும் சொல்வார். பேனாவை மூடப் போகிறார். கடைசி வரியை மகளே எழுதட்டும், அவள் வழக்கப்படி.

"____________________"

[அப்பாவின் செருப்புச் சத்தம் தள்ளிப் போகிறது. முணுமுணுப்பு. வார்த்தைகள் தெளிவாக இல்லை.]