அருள்மலர் கூட்டிய பாலைவனம்

வின்டர்தூரில் ஓர் அருங்காட்சியகத்தைத் துப்புரவு செய்யும் அருள்மலர், வியாழக்கிழமை காலையில் ஒரு பாலைவனத்தை ஏழு குப்பைப் பைகளில் கட்டி முடித்தாள். அவள்மேல் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. மண்டபத்தின் நடுவே மணல் குவிந்து கிடந்தால், மேசன்மார் விட்டுப்போனதென்று நினைக்காமல் வேறென்ன நினைப்பது? தரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் சுவரில் சாய்த்திருந்த பலகை கண்ணில் பட்டது. 'துர்க்மெனிஸ்தானின் கரகும் மணற்பாலை: மாதிரி. தொடாதீர்கள்.'

திறப்பு விழாவுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம். அவளை வேலையில் வைத்திருப்பதா, அனுப்புவதா என்று பார்க்கும் மூன்று மாதத் தவணை மறுநாள் முடிகிறது. அருள்மலருக்கு அழுகை வந்துவிட்டது. கணவன் ஸ்ரான்லிக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, பல்கனியில கிடக்கிற ஈர்க்குமாறைத் தூக்கிக்கொண்டு ஓடி வாங்கோ. நான் ஒரு பாலைவனத்தைக் கூட்டி அள்ளிப்போட்டன்!"

"என்னத்தை?"

"வாங்கோ, பிறகு கதைப்பம்!"

ஸ்ரான்லி ஈர்க்குமாற்றோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். பலகையிலிருந்த படத்தைப் பார்த்து, பைகளிலிருந்த மணலைக் கொட்டிப் பிறை வடிவில் தட்டி எழுப்பினான். படத்தில் குன்றின்மேல் காற்று வரிவரியாகக் கோடு போட்டிருந்தது.

"நீர் மன்னாரில முற்றம் கூட்டினாப்போல கிடக்குது," என்றான்.

அருள்மலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூட்டத் தொடங்கினாள். கோடு அப்படியே விழுந்தது.

பத்து மணிக்கு அருங்காட்சியகத் தலைவி ஃபிராவ் கெல்லர் விருந்தினரோடு வந்தார். இருபது வருடம் மணற்குன்றுகளை ஆராய்ந்தவர்.

"பிறைக் குன்றின் இரண்டு கொம்புகளும் காற்று போகும் பக்கம் நீளும்," என்று விளக்கினார். "ஆகவே இங்கே காற்று அடிப்பது..."

நீட்டிய கை பெண்கள் கழிப்பறையைக் காட்டிக்கொண்டு நின்றது.

ஃபிராவ் கெல்லர் குனிந்து, மணலிலிருந்து நீளமான ஓர் ஈர்க்கை உருவினார். "கரகுமில் இப்படி ஒன்று முளைப்பதில்லையே?"

அருள்மலருக்குப் பொய் சொல்ல வராது. நடந்த அத்தனையையும் சொன்னாள். விருந்தினர் சிரித்தார்கள். ஃபிராவ் கெல்லர் சிரிக்கவில்லை.

"நேற்று ஆறு பேர் நாள் முழுக்க மினக்கெட்டும் இந்தக் கோடு வரவில்லை," என்றார்.

வெள்ளிக்கிழமை நிரந்தர ஒப்பந்தம் கைக்கு வந்தது. அவள் செய்யவேண்டிய வேலைகளை ஸ்ரான்லி உரக்க வாசித்தான்.

"தரை, படிக்கட்டு, கழிப்பறை, காற்று."

"காற்றோ?"

"ஓம். திங்கக்கிழமையிலயிருந்து வடக்கால அடிக்கட்டாம்."