திராட்சைப் பந்தலின் மேல் சிவப்புக் கட்டங்கள்

இடி விழுந்து ரவுட்டர் எரிந்துபோன மறுநாள் லிவியு வந்தான். மார்ச் மாதம் எங்கள் முற்றத்தில் கேமரா மாட்டிக் கொடுத்தவனும் அவன்தான். புது ரவுட்டரைச் செருகிவிட்டு, பச்சை விளக்கு எரியும்வரை அதை முறைத்துக்கொண்டிருந்தான். நான் நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்றேன்.

“என்ன நெகுலாய் மாமா, பரீட்சை எப்போ?”

முப்பத்தொரு வருடம் தானியக் கிடங்கில் எடை போட்டவன் நான். புரியாத பொருளை வீட்டில் வைத்துக்கொள்ள மனம் வராது. அதனால் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். ஐபி முகவரி: கேமராவின் கதவு எண். ரவுட்டர்: அந்த எண்ணைப் பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தபால்காரர். ரெக்கார்டர்: பதினைந்து நாள் வைத்திருக்கும், பிறகு பழையதன் மேலேயே புதியதை எழுதும். அசைவு உணர்தல்: முற்றத்தில் ஏதாவது அசைந்தால், இத்தாலியில் ஒதிலியாவின் போனில் மணி அடிக்கும். இதற்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தேன்.

ஒதிலியா என் ஒரே மகள். போலோன்யாவில் ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, இரவில் அவள் அறையிலேயே படுத்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவாள். “நீங்க கீழ விழுந்தா எனக்குத் தெரியணும்லப்பா” என்று கேமராவை மாட்டச் சொன்னதும் அவள்தான். அன்றிலிருந்து நான் தினமும் சவரம் செய்துகொள்கிறேன். திராட்சைப் பந்தலுக்குக் கீழே மேசை போட்டு, இரண்டு பக்கத்துக்கும் நானே தாயம் உருட்டி ஆடுவேன். ஒவ்வொரு உருட்டலுக்கும் அங்கே ஒரு மணி. நல்ல எண் விழுந்தால் கேமராவை நிமிர்ந்து பார்ப்பேன். பேச ஆள் இல்லாத வீட்டில் அது எனக்குப் போதுமாக இருந்தது.

லிவியு திரையைத் திறந்தான். முற்றம் தெரிந்தது. வாசல் கதவு, கிணறு, கோழிகள். பந்தல் முழுவதும் சிவப்புக் கட்டங்கள்.

“இதென்னடா?”

“மாஸ்க், மாமா. அந்தக் கட்டத்துக்குள்ள எது ஆடினாலும் மணி அடிக்காது. நாம மாட்டினப்போ கொடி வெறும் குச்சி. மே மாசம் இலை விட்டுச்சா, காத்துக்கு ஒரு நாளைக்கு முந்நூறு மணி! போனைத் தூக்கி சூப்புல போட்டுருவேன்னு கிழவி கத்தியிருக்கா. ஒதிலியா அழாத குறையா கேட்டா. நான்தான் வழி சொல்லிக் கொடுத்தேன்.”

இப்போது ஆகஸ்ட் முடியப்போகிறது. என் மேசை, நாற்காலி, நான், எல்லாம் கட்டத்துக்குள்.

“அப்போ அவளுக்கு நான் தெரிய மாட்டேனா?”

“திறந்து பாத்தா தெரிவீங்க. மணி அடிக்காம திறந்து பாக்க அவளுக்கு ஏது நேரம்? கோழிங்களை நல்லா பாத்திருப்பா.” சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். “மாமா, நீங்க அங்க விழுந்தாக்கூட... எடுத்துடட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை.”

“இலை?”

“இலை ஆடத்தான் செய்யும்.”

“இருக்கட்டும் விடு. அவ வேலைக்கு வினை வேணாம். கட்டம் எங்க முடியுதுன்னு மட்டும் சொல்லு.”

நான் முற்றத்தில் இறங்கி நடந்தேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டு ஜன்னலிலிருந்து கத்தினான். “இன்னும் ஒரு அடி! இன்னும்! ஆங், இப்போ கேமராவுல மாட்டிக்கிட்டீங்க!” அந்த இடத்தில் ஒரு செங்கல்லை வைத்தேன். அவன் போன பிறகு நோட்டில் எழுதினேன். மாஸ்க்: கிணற்றிலிருந்து நாலு எட்டு தூரம்.

கிழவி மதியம் தூங்குவது அவர்கள் கடிகாரத்தில் இரண்டு மணிக்கு, எங்களுக்கு மூன்று. இரண்டே முக்காலுக்குக் கோழிகளை ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்துக் கூண்டில் அடைத்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான்வரை மாட்டினேன். சரியாக மூன்றுக்குச் செங்கல்லைத் தாண்டி வெயிலில் போய் நின்றேன். போட்டோவுக்கு நிற்பது போல விறைத்து நின்றிருக்கிறேன் என்பது சற்றுக் கழித்துத்தான் உறைத்தது. அசையாமல் நின்றால் கேமராவுக்கு நான் ஒரு கம்பம்.

வலது கையைத் தூக்கினேன். விரல்களை மெதுவாக மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினேன். பின்னால் கூண்டுக்குள் கோழிகள் கம்பியைக் கொத்திக்கொண்டிருந்தன.