மூன்று பேர் நின்ற படம்

நெடுந்தீவுக்கு வெள்ளைக்காரர் கமெராவோடு வந்தது எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், யூலைக் கலவரத்துக்கு முன். உலகத்தின் இந்தப் பக்கத்தில் ஒரு தீவு, மறுபக்கத்தில் ஒரு தீவு, இரண்டிலும் கல்வேலி, இரண்டிலும் குதிரை. அதைத்தான் விவரணப் படமாக எடுக்கப் போகிறார்களாம். மறுபக்கத்து ஆட்கள் தலைகீழாகவா நிற்கிறார்கள் என்று கேட்டு ஊர் சிரித்தது. கல்வேலி குலையாமல் இருந்தது கிறேசம்மாவின் வீட்டு வளவில் என்பதால் அங்கேயே கமெராவை நிறுத்தினார்கள்.

கிறேசம்மாவும் புருசன் இன்னாசித்தம்பியும் ஒரே மகன் கிளமென்றும் வாசலில் சேர்ந்து நிற்க வேண்டுமாம். அங்கேதான் வந்தது வினை. மூன்று பேர் நின்று படம் எடுத்தால் அதில் ஒருவருக்கு ஆயுள் இல்லை என்பது கிறேசம்மாவின் நம்பிக்கை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்தான். ஆனால் சுவாமியார் எத்தனை தரம் சொன்னாலும் இந்த விசயத்தில் மட்டும் அவளுக்குக் காது கேட்காது. “நீ அங்காலை போ தம்பி,” என்று மகனைத் தள்ளிவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, தகப்பன் உட்காரட்டும் என்று ஒரு கதிரையை நகர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

இரண்டு வருசம் கழித்து, அவன் மீன்பிடிக்கப் போன வள்ளத்தின் மேல் கடலில் துப்பாக்கிச் சூடு விழுந்தது. கிளமென்ற் திரும்பவில்லை. உடம்பும் கரை சேரவில்லை. அவன் முகம் இருந்த ஒரே படம் அடையாள அட்டையில். அதுவும் சட்டைப் பையோடு போய்விட்டது. மகனின் முகம் தன் மனதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து வருவதைக் கிறேசம்மா ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு தாய்க்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்?

எண்பத்தெட்டில், பக்கத்து வளவு மரியநாயகியின் தம்பி ஜேர்மனியிலிருந்து ஒரு வீடியோக் கசற் கொடுத்துவிட்டான். அங்கே தொலைக்காட்சியில் அந்தப் படம் போனதாம்; பதிந்து வைத்தானாம். மரியநாயகி ஓடிவந்து, “கிறேசக்கா, உங்கட வளவு வருகுதாம்,” என்றாள். ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்குப் பிடித்தாயிற்று. கிறேசம்மா முழுகி, நல்ல சேலை உடுத்து, எல்லாருக்கும் முன்னால் போய் இருந்தாள். படம் எடுத்த அன்றைக்குக் கமெரா ஒரு இடத்தில் சும்மா இருக்கவில்லை. ஒருதரமாவது மகன் பக்கம் திரும்பியிருக்கும். அந்த ஒருதரம் அவளுக்குப் போதும்.

குதிரைகள் வந்தன. கல்வேலி வந்தது. பிறகு வாசலில் அவளும் இன்னாசித்தம்பியும் நின்றார்கள். விளங்காத பாஷையில் பேசிக்கொண்டிருந்த குரல் அந்த இடத்தில் ஓய்ந்தது.

“நீ அங்காலை போ தம்பி.”

அவளுடைய சொந்தக் குரல். படத்தின் ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. கதிரையை வைத்துவிட்டு மறைந்தது. கமெரா கடல் பக்கம் திரும்பிவிட்டது.

அடுத்ததாக மறுபக்கத்துத் தீவு. தலைகீழாக ஒருவரும் நிற்கவில்லை. அதே மாதிரிக் கல்வேலி, அதே மாதிரி வாசல். ஒரு தகப்பன், ஒரு தாய், நடுவில் மகன். தாய் அவன் தோளில் கை போட்டிருந்தாள்.

“மூண்டு பேர் நிக்கினம்,” என்றாள் கிறேசம்மா.

பின்னால் இருந்த மரியநாயகியைத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்தப் பெடியன் இப்ப இருப்பானோ, நாயகி?”

“இருப்பான் அக்கா. அங்கை என்ன சண்டையே?”

“அப்ப, மூண்டு பேர் நிண்டாலும் ஒண்டும் வராது.”

“அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. எழும்பும், வீட்டை போவம்,” என்றார் இன்னாசித்தம்பி.

அவள் எழும்பவில்லை. “எங்கட வளவுக்குத் திருப்பி விடுங்கோ,” என்றாள்.

கசற் பின்னால் ஓடியது. மறுபடி வாசல். மறுபடி அவள் குரல்: “நீ அங்காலை போ தம்பி.”

“போகாதை,” என்றாள் கிறேசம்மா, ரீவியைப் பார்த்து. “இஞ்சை வா. வந்து அம்மாவுக்குப் பக்கத்திலை நில்.”

கை கதிரையை வைத்துவிட்டு மறைந்தது.